பாளையமும் பட்டயமும்: வீரபாண்டிய கட்டபொம்மன் வாழ்க்கை வரலாறு

தருவைகுளத்துக் கடற்கரையிலிருந்து உள்நாடு நோக்கிச் செல்வோர், உப்பளங்களையும் உடைமரக் காடுகளையும் கடந்து, கரிசல் நிலத்தினூடே ஓட்டப்பிடாரத்தை அடைவர். அதனை அடுத்துள்ள சிற்றூர் பாஞ்சாலங்குறிச்சி. அவ்வூரின் பெயரையும், அதனை ஆண்ட வீரபாண்டிய கட்டபொம்மனின் பெயரையும் அறியாத தமிழர் இலர். கூத்தும் நாடகமும் 1959ஆம் ஆண்டில் வெளிவந்த திரைப்படமும் அவரைத் தமிழகத்தின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டு சேர்த்துள்ளன. அவற்றில் முழங்கும் வீர உரைகளே பலர் உள்ளத்திலும் நிலைத்துள்ளன. அவ்வுரைகளை ஒதுக்கிவிட்டு, அவர் வாழ்வின் நிகழ்ச்சிகளை மட்டும் ஆண்டு வரிசையில் வைத்து நோக்கினால், அவற்றின் அடியில் ஓடும் ஒரு கேள்வி புலப்படும். தலைமுறை தலைமுறையாக ஒரு குடி ஆண்டுவரும் நிலம் அக்குடியின் உரிமையா, அன்றி மேலிருப்பவர் விரும்பும் வரை நீடித்து, விரும்பாதபோது முடிந்துபோகும் வெறும் அனுமதியா என்பதே அக்கேள்வி.

பாளையம் என்னும் முறை

மதுரையில் விசுவநாத நாயக்கர் ஆட்சி புரிந்த காலத்தில் (1529–1564), அவருடைய தளவாய் அரியநாத முதலியாரின் துணையுடன் நாடு எழுபத்திரண்டு பாளையங்களாகப் பகுக்கப்பட்டது என்பது வரலாறு. பாளையக்காரர் தம் பகுதியில் வரி தண்டுவார், வழக்குத் தீர்ப்பார், காவல் புரிவார், போர் மூண்டால் படையுடன் வந்து நிற்பார். வருவாயில் ஒரு பங்கு மதுரை அரசுக்கும், ஒரு பங்கு படைக்கும், எஞ்சிய பங்கு பாளையக்காரருக்கும் உரியதாக இருந்தது.

தொடக்கத்தில் இது பணிக்காகக் கொடுக்கப்பட்ட நிலமே. பணி தவறினால் பாளையமும் பறிபோகும். ஆனால் தந்தைக்குப் பின் மகனும், மகனுக்குப் பின் பேரனும் பட்டம் சூடிக்கொண்டனர். ஒவ்வொரு பட்டமேற்பின்போதும் அரசின் இசைவு பெறப்பட்டது என்றாலும், அது நாளடைவில் சடங்காகவே நின்றது. பாளையக்காரர் கண்மாய் வெட்டினர். கோயில்களுக்கு நிலம் விட்டனர். குடிகளை அழைத்து வந்து குடியேற்றினர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் இவ்வாறு கழிந்தபின், பாளையம் தமக்குக் கொடுக்கப்பட்டது என்ற நினைவு மங்கி, தம்முடையது என்ற உணர்வே வேரூன்றியது. கொடுத்தவரும் மறைந்தனர். மதுரை நாயக்கர் ஆட்சி 1736ஆம் ஆண்டில் முடிவுற்றது. கொடுத்தவர் இல்லாதபோது, திரும்பப் பெறும் அதிகாரம் யாரைச் சேரும்?

ஆர்க்காட்டு நவாபு அது தம்மைச் சேரும் என்றார். ஆனால் அவரிடம் அதை நிலைநாட்டும் வலிமை இல்லை. எனவே கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை நாடினார். 1755ஆம் ஆண்டில் கர்னல் ஹெரானும் யூசுப்கானும் நெல்லைச் சீமைக்குப் படையுடன் வந்தனர். நெற்கட்டும்செவல் பூலித்தேவர் அவர்களை எதிர்த்து நின்றார். படைக்கு ஆன செலவு நவாபின் கடனாக ஏறியது. கடன் பெருகப் பெருக, வரி தண்டும் அதிகாரம் சிறிது சிறிதாகக் கம்பெனியின் கைக்கு மாறியது. 1781ஆம் ஆண்டில் நவாபு கர்நாடகத்தின் வருவாயைக் கம்பெனியிடம் ஒப்படைத்தார். 1785இல் அது அவரிடமே திரும்பியது. 1790இல் மீண்டும் கம்பெனி அதனை எடுத்துக்கொண்டது. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, பாளையக்காரர் செலுத்தும் பேஷ்குஷ் என்னும் கப்பத்தைத் தண்டும் அதிகாரம் நவாபின் பெயரால் கம்பெனிக்கு உரியதாயிற்று.

கடற்கரையிலும் இதே காலத்தில் ஆட்சி மாறிக்கொண்டிருந்தது. முத்துக்குளித்துறையின் தலைமை இடமான தூத்துக்குடியைப் போர்த்துக்கீசியரிடமிருந்து 1658இல் டச்சுக்காரர் கைப்பற்றியிருந்தனர். பாஞ்சாலங்குறிச்சிக்கும் அவர்களுக்கும் உறவு இருந்தது. 1783ஆம் ஆண்டில் கர்னல் ஃபுல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தபோது, டச்சுக்காரருடன் செய்துகொண்ட உடன்படிக்கை ஒன்று அங்கே அவர் கையில் அகப்பட்டது. அயலரசு ஒன்றுடன் தன் பெயரால் உடன்படிக்கை செய்துகொள்பவர், தம்மை ஒருவரின் அனுமதியால் வாழும் குத்தகையாளராக எண்ணியிருக்க இயலாது. கட்டபொம்மனுக்கு அப்போது வயது இருபத்து மூன்று.

பட்டமேற்பு

வீரபாண்டியன் என்னும் இயற்பெயருடைய கட்டபொம்மன் 1760ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள் பிறந்தார். தந்தையார் செகவீர கட்டபொம்மன்; தாயார் ஆறுமுகத்தம்மாள். உடன்பிறந்தாருள் குமாரசாமி என்பவர் ஊமைத்துரை என்ற பெயரால் பின்னாளில் பெரும்புகழ் பெற்றார். மற்றொரு தம்பி துரைச்சிங்கம். கட்டபொம்மனின் மனைவி சக்கம்மாள். குலதெய்வமாகிய சக்கம்மா தேவியிடத்தும் திருச்செந்தூர் முருகனிடத்தும் அவர் கொண்டிருந்த பக்தியை மக்கள் இன்றும் போற்றுவர். திருச்செந்தூரில் பூசை நிகழும் வேளையைப் பாஞ்சாலங்குறிச்சியில் அறிவதற்காக வழிநெடுக மணிமண்டபங்கள் கட்டினார் என்பது செவிவழிச் செய்தி.

1790ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் அவர் பட்டமேற்றார். தம் மரபில் நாற்பத்தேழாவது பாளையக்காரர் அவர் என்பர். தானாபதியாக விளங்கிய சுப்பிரமணிய பிள்ளை பாளையத்தின் கணக்கையும் ஆலோசனையையும் நடத்தினார். பட்டமேற்ற அதே ஆண்டில்தான் கம்பெனி கர்நாடகத்தின் வருவாயை மீண்டும் எடுத்துக்கொண்டது. ஆகவே அவருடைய ஆட்சிக்காலமும் நெல்லைப் பாளையங்களின் மீது கம்பெனியின் பிடி இறுகிய காலமும் ஒன்றாகவே அமைந்தன.

பிணக்கு இரண்டு வழிகளில் முளைத்தது. ஒன்று எல்லை பற்றியது. கம்பெனியார் நிலத்தை அளந்து எல்லை வகுத்தபோது, பாஞ்சாலங்குறிச்சி தனதென்று கருதிய அருங்குளம் முதலிய ஊர்கள் எட்டயபுரத்திற்குச் சேர்க்கப்பட்டன. கையெழுத்து ஒன்றினால் ஊர்கள் ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குப் போயின. கம்பெனியின் நோக்கில் அது நிருவாகச் சீரமைப்பு. கட்டபொம்மனின் நோக்கில் அது பிறர் பொருளை எடுத்துப் பிறருக்குக் கொடுத்தல்.

மற்றொன்று காவல் பற்றியது. பாளையத்துக்கு வெளியே உள்ள சர்க்கார் ஊர்களிலும் பாளையக்காரர் தேசகாவல் என்னும் பெயரால் ஊதியம் பெற்று வந்தனர். களவு போனால் பொருளை மீட்டுத் தருவதோ ஈடு தருவதோ காவல்காரரின் கடமை. அதற்கு ஈடாக ஊரார் நெல்லும் பணமும் தருவர். கம்பெனி இவ்வுரிமையை ஏற்கவில்லை. கட்டபொம்மன் அதனைத் தொடர்ந்து தண்டினார். சில வேளைகளில் வன்மையாகவும் தண்டினார். அவர் கொள்ளையரா வீரரா என்று பிற்காலத்தார் நிகழ்த்திய வாதங்கள் பலவற்றின் வேர் இங்கேதான் உள்ளது. காவல் நிலைத்த உரிமையாயின் அவர் பெற்றது ஊதியம். அது கம்பெனி நிறுத்திவிட்ட சலுகையாயின் அவர் எடுத்தது கொள்ளை. செயல் ஒன்றே. நிலத்தின் மீதும் ஊரின் மீதும் அவருக்கு இருந்த உறவு எத்தகையது என்னும் முடிவே அச்செயலுக்குப் பெயர் சூட்டுகிறது. அந்த ஊதியத்தைக் கொடுத்த குடியானவருக்கு அது எவ்வாறு தோன்றியது என்பது வேறு கேள்வி. அதனைப் பின்னர்க் காணலாம்.

இருபத்து மூன்று நாள்

1797ஆம் ஆண்டளவில் ஜாக்சன் பாளையக்காரர்களிடம் கப்பம் தண்டும் கலெக்டராக இராமநாதபுரத்தில் பொறுப்பேற்றார். 1798 மே 31 வரையில் கட்டபொம்மன் செலுத்த வேண்டிய நிலுவை 3,310 வராகன் என்று கணக்கிடப்பட்டது. மழை பொய்த்தால் கரிசல் பூமியில் கப்பம் சேர்வது கடினம். எனினும் கலெக்டர் படை கொண்டு வரி வாங்கவே விரும்பினார். மைசூர்ப் போருக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த சென்னை அரசு அப்போது அதற்கு இசையவில்லை. எனவே ஆகஸ்டு 18ஆம் நாள், இராமநாதபுரத்தில் தம்மை வந்து காணுமாறு கட்டபொம்மனுக்கு அவர் ஆணை அனுப்பினார்.

கட்டபொம்மன் பரிவாரத்துடன் புறப்பட்டார். ஆனால் கலெக்டரோ தம் பயணத்தைத் தொடர்ந்தார். குற்றாலத்திலும் திருவில்லிபுத்தூரிலும் கட்டபொம்மன் காண முயன்றபோது காண மறுக்கப்பட்டது. இடம் விட்டு இடம் அவர் பின்தொடர நேர்ந்தது. இருபத்து மூன்று நாள்கள், ஏறத்தாழ நானூறு மைல் தொலைவு அலைந்தபின், செப்டம்பர் 10ஆம் நாள் இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தில் சந்திப்பு நிகழ்ந்தது. அங்கும் கட்டபொம்மனும் தானாபதியும் மூன்று மணி நேரம் நிற்க வைக்கப்பட்டனர். கணக்கைப் பார்த்தபோது, நிலுவையில் பெரும்பகுதி செலுத்தப்பட்டு, 1,080 வராகனே எஞ்சியிருந்தது தெரிய வந்தது.

வழக்கின் உட்பொருள் இங்கே வெளிப்பட்டுவிட்டது எனலாம். கடன் மட்டுமே பிணக்காக இருந்திருப்பின், கணக்குத் தீர்ந்ததும் அது முடிந்திருக்கும். உரிமையாளர் வரி செலுத்துவார். செலுத்தியதற்குச் சீட்டுப் பெறுவார். தம் வீட்டுக்குத் திரும்புவார். அனுமதியால் வாழ்பவரோ கேட்ட பணத்தைக் கொடுத்தபின்னும் அழைத்த இடத்துக்கு வர வேண்டும். அமரச் சொல்லும் வரை நிற்க வேண்டும். கப்பத்தை விட அந்த மூன்று மணி நேரமே கட்டபொம்மனுக்குத் தம் நிலை இன்னது என்பதை உணர்த்தியிருக்கும்.

அவரைக் கோட்டைக்குள்ளேயே தங்குமாறு பணித்தபோது கைதாகப் போவதை அறிந்து வெளியேற முயன்றார். வாயிலில் கைகலப்பு மூண்டது. லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார். ஊமைத்துரையும் வீரர்களும் துணைநிற்கக் கட்டபொம்மன் தப்பினார். சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

விசாரணை

பாஞ்சாலங்குறிச்சிக்குத் திரும்பிய கட்டபொம்மன் உடனே போர் தொடுக்கவில்லை. கலெக்டர் தம்மை நடத்திய முறையைச் சென்னை அரசுக்கு எழுதி முறையிட்டார். ஆளுநர் எட்வர்டு கிளைவ் இதனை ஆராய வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், ஜான் காசாமேஜர் ஆகிய மூவரைக் கொண்ட குழுவை அமைத்தார். 1798 டிசம்பர் 15ஆம் நாள் கட்டபொம்மன் குழுவின் முன் தோன்றி நடந்தவற்றை உரைத்தார். குழு அவர்மீது குற்றம் காணவில்லை. ஜாக்சன் பதவியிலிருந்து விலக்கப்பட்டார். சுப்பிரமணிய பிள்ளை விடுவிக்கப்பட்டார். லூஷிங்டன் புதிய கலெக்டரானார்.

வீரக் கதைகளில் இப்பகுதி சுருக்கமாகவே கூறப்படுவது வழக்கம். ஆனால் கட்டபொம்மனின் உள்ளத்தை அறிய இதனினும் சிறந்த சான்று இல்லை. வாளை எடுக்கும் முன் அவர் மனுவை எடுத்தார். நேர்மையான விசாரணை கிடைத்தபோது அதற்கு உட்பட்டார். அவர் வேண்டியது கம்பெனியை அழிப்பதன்று. தம் பாளையத்தைத் தம்முடையதாகக் கம்பெனி மதிக்க வேண்டும் என்பதே.

குழுவின் முடிவு ஒரு கலெக்டரின் நடத்தையைத் திருத்தியது. நிலத்தின் மீதான கேள்வியைத் தொடவில்லை. தவறு செய்த அதிகாரியை மாற்ற முடிந்தது. பாளையக்காரரின் உரிமை எத்தகையது என்று எழுதிக் கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. எழுதப்படாத உரிமை, அடுத்த அதிகாரியின் மனநிலையைப் பொறுத்தே வாழ வேண்டியதாயிற்று.

போரும் முடிவும்

1799 மார்ச்சு 16ஆம் நாள் லூஷிங்டன் கட்டபொம்மனைத் தம்மை வந்து காணுமாறு எழுதினார். இராமநாதபுரத்தை மறவாத கட்டபொம்மன் செல்லவில்லை. அதற்குள் சிவகங்கை மருது சகோதரர்களுடனும் மற்றப் பாளையக்காரர்களுடனும் சேர்ந்து கூட்டணி அமைக்கும் முயற்சியில் அவர் இறங்கியிருந்தார். கூட்டணியில் சேர மறுத்த சிவகிரியின் மீது அவர் தரப்பினர் படையெடுத்ததைக் கம்பெனி தன் அதிகாரத்திற்கு விடுத்த அறைகூவலாகக் கருதியது.

அவ்வாண்டு மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். மைசூர்ப் போர் முடிந்ததும் கம்பெனியின் படைகள் தெற்கே திரும்ப இயன்றது. செப்டம்பர் 1ஆம் நாள் மேஜர் பானர்மன், தம்மைப் பாளையங்கோட்டையில் 4ஆம் நாள் வந்து காணுமாறு கட்டபொம்மனுக்கு ஆணை விடுத்தார். அவர் வரவில்லை. 5ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தாக்கப்பட்டது. மண்கோட்டைதான் எனினும் முதல் தாக்குதலில் அது விழவில்லை. வெள்ளை அதிகாரிகள் சிலர் மாண்டனர். பாளையங்கோட்டையிலிருந்து பெரும் பீரங்கிகள் வருவிக்கப்பட்டபோது, கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார்.

கோலார்பட்டியில் நிகழ்ந்த மோதலில் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். அவர் நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். கட்டபொம்மன் வடக்கு நோக்கிச் சென்று புதுக்கோட்டைச் சீமையின் காடுகளில் மறைந்திருந்தபோது, தொண்டைமான் மன்னரின் ஆட்களால் பிடிக்கப்பட்டுக் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டார்.

1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் பானர்மன் விசாரணை நடத்தினார். மற்றப் பாளையக்காரர்கள் அங்கே வரவழைக்கப்பட்டிருந்தனர். கப்பம் செலுத்தாமை, அழைத்தபோது வாராமை, சிவகிரியின் மீது படையெடுத்தமை, கம்பெனிப் படையை எதிர்த்தமை ஆகியவை குற்றங்களாகக் கூறப்பட்டன. கட்டபொம்மன் எதனையும் மறைக்கவில்லை, மன்னிப்பும் வேண்டவில்லை. அன்றே புளியமரம் ஒன்றில் அவர் தூக்கிலிடப்பட்டார். அப்போது அவருக்கு வயது முப்பத்தொன்பது.

முந்திய ஆண்டு மூவர் குழு அமைத்து விசாரித்த அரசு, இவ்வாண்டு ஒரே நாளில் விசாரணையையும் தண்டனையையும் முடித்தது. கூடியிருந்த பாளையக்காரர்களுக்கு அக்காட்சி ஒரு பாடமாகவே காட்டப்பட்டது. பாளையங்கள் கம்பெனியின் விருப்பத்தால் மட்டுமே நிலைபெறும் என்பதே அப்பாடம்.

ஆமணக்கு விதைத்த மண்

பாஞ்சாலங்குறிச்சியுடன் ஏழாயிரம்பண்ணை, நாகலாபுரம், கோலார்பட்டி, காடல்குடி, குளத்தூர் ஆகிய பாளையங்களும் பறிமுதலாயின. கோட்டைகளை இடிக்கவும் ஆயுதங்களை ஒப்படைக்கவும் ஆணை பிறந்தது. ஊமைத்துரையும் உறவினரும் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டனர்.

1801 பிப்ரவரி 2ஆம் நாள் ஊமைத்துரை சிறையிலிருந்து தப்பினார். கட்டபொம்மன் பட்டமேற்ற நாளும் பிப்ரவரி 2 என்பது கருதத்தக்கது. இடிந்து கிடந்த கோட்டையை மக்கள் சில நாள்களிலேயே மீண்டும் எழுப்பினர். தூத்துக்குடியும் சிறிது காலம் கிளர்ச்சிக்காரர் கையில் வந்தது. கர்னல் அக்னியூ தலைமையில் வந்த படை மே 24ஆம் நாள் கோட்டையைப் பிடித்தது. ஊமைத்துரை மருது சகோதரருடன் சேர்ந்து போரிட்டு, இறுதியில் பிடிபட்டு, நவம்பர் 16ஆம் நாள் பாஞ்சாலங்குறிச்சியிலேயே தூக்கிலிடப்பட்டார்.

கம்பெனி அத்துடன் அமையவில்லை. கோட்டை தரைமட்டமாக்கப்பட்டது, இடம் உழப்பட்டது, அதில் ஆமணக்கு விதைக்கப்பட்டது. ஊரின் பெயர் அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்கப்பட்டது. பாளையத்தின் ஊர்கள் எட்டயபுரம், மணியாச்சி முதலிய பாளையங்களுக்குப் பிரித்தளிக்கப்பட்டன. அனுமதியைத் திரும்பப் பெறுதல் என்பதன் முழுப் பொருளையும் இதனினும் தெளிவாகக் காட்ட இயலாது. ஆளை அகற்றுவது அதன் தொடக்கம். அவர் அங்கே இருந்தார் என்பதற்கான எழுத்தையும் அகற்றுவது அதன் முடிவு.

பட்டயம் வந்த காலம்

கட்டபொம்மன் இறந்து மூன்று ஆண்டுகள்கூட நிறைவதற்குள், 1802ஆம் ஆண்டில் கம்பெனி இருபத்தைந்தாம் ஒழுங்குவிதியை இயற்றியது. நெல்லைப் பாளையங்களில் 1803ஆம் ஆண்டில் அது நடைமுறைக்கு வந்தது. எஞ்சியிருந்த பாளையக்காரர்கள் சமீன்தார்கள் ஆயினர். அவர்களுக்கு இஸ்திமிரார் சன்னது என்னும் நிரந்தரப் பட்டயம் வழங்கப்பட்டது. கப்பம் இன்ன தொகை என்று என்றென்றைக்குமாக வரையறுக்கப்பட்டது. அதைச் செலுத்தி வரும்வரை நிலம் அவர்களுக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் சொந்தம். விற்கலாம், ஈடு வைக்கலாம், மக்களுக்கு விட்டுச் செல்லலாம். வாளும் காவலும் போயின, உடைமை வந்தது.

கட்டபொம்மனின் வாழ்வில் மிகவும் துயரம் தருவது இந்தக் கால வரிசையே. கம்பெனியால் கொடுக்கவே இயலாத ஒன்றை அவர் கேட்டுவிடவில்லை. நான்கு ஆண்டுகளில் அவருடைய அண்டை அயலாருக்கு அதனைக் கம்பெனியே எழுதிக் கொடுத்தது. கேட்டவருக்குத் தூக்குமரம், கேளாதிருந்தவருக்குப் பட்டயம். நிலைத்த உரிமையை வழங்கும் முன், அதனைத் தாமாகவே உடையவர் என்று எண்ணியவரை அகற்ற வேண்டும் எனக் கம்பெனி கருதியது போலும். உரிமை முன்பே இருந்ததாக அன்றி, தன் கையால் பிறந்ததாகத் தோன்ற வேண்டும் என்பதே அதன் விருப்பம்.

இக்கேள்வி நீதிமன்றத்துக்கும் சென்றது. நிரந்தரப் பட்டயம் பெறாத பாளையங்கள் சில இருந்தன. அவற்றை வைத்திருந்தோர் ஆயுள் வரைக்குமான அனுபோகத்தாரா, வழிவழி உரிமையாளரா என்னும் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. மருங்காபுரிப் பாளைய வழக்கில் 1874ஆம் ஆண்டில் வந்த தீர்ப்பு, பட்டயம் இல்லாமையாலேயே பரம்பரை உரிமை இல்லாமற்போகாது என்று கொண்டது. கயத்தாற்றுப் புளியமரத்தில் மறுக்கப்பட்டதை, எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அதே அரசின் உச்ச நீதிபீடம் ஏற்றுக்கொண்டது எனலாம்.

உழவரின் பங்கு

பாளையக்காரருக்கும் கம்பெனிக்கும் இடையே நடந்த இவ்வழக்கில் மூன்றாம் தரப்பு ஒன்று உண்டு. கரிசலை உழுது பருத்தியும் கம்பும் விளைவித்த குடிகளே அத்தரப்பு. தலைமுறை தலைமுறையாக உழுத நிலம் எங்கள் நிலம் என்று அவர்களும் கூறியிருக்கலாம். கட்டபொம்மன் கம்பெனியிடம் கேட்டதை அவர்கள் கட்டபொம்மனிடம் கேட்க இடம் இருந்தது. காவல் ஊதியம் கொடுத்த சர்க்கார் ஊராரும் அவ்வாறே. அவர்கள் குரல் ஆவணங்களில் அருகியே ஒலிக்கிறது.

1803இல் வந்த பட்டயம் சமீன்தாரை உடைமையாளராக்கியது. உழவரை அவருடைய குடியாக்கியது. சமீன் நிலங்களில் உழவருக்கு நிலைத்த குடியுரிமையைச் சட்டமாக்கியது 1908ஆம் ஆண்டுச் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம். சமீன்களையே ஒழித்தது 1948ஆம் ஆண்டுச் சட்டம். என்றென்றைக்கும் என்று எழுதப்பட்ட பட்டயம் நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகளில் முடிவுற்றது. நிலைத்தது என்று எழுதுவதால் மட்டும் எதுவும் நிலைப்பதில்லை. உழைப்பும் நெடுங்கால அனுபோகமும் பின்னே நிற்காத பட்டயம், அரசு மாறும்போது தானும் மாறும்.

இவ்வரலாறு கடற்கரை மக்களுக்கும் அயலானதன்று. படகை ஏற்றி நிறுத்தும் மணலும், வலை உலர்த்தும் வெளியும், கருவாடு காயும் திடலும் தலைமுறைகளாகப் புழங்கப்பட்டாலும் பதிவேட்டில் புறம்போக்கு என்றே நிற்பதுண்டு. உப்பளங்களிலும் அரசுக் குத்தகையில் நடப்பவை உண்டு. குத்தகை என்பது காலவரையுள்ள அனுமதியே. புழக்கம் எப்போது உரிமையாகும் என்னும் கேள்வி பாஞ்சாலங்குறிச்சியோடு தீர்ந்துவிடவில்லை.

பாட்டில் நின்ற ஊர்

பட்டயம் பெற்ற எட்டயபுரம் சமஸ்தானமாக நீடித்துப் புலவர்களைப் புரந்தது. பாரதியார் 1882ஆம் ஆண்டில் அவ்வூரிலேயே பிறந்தார். பட்டயம் பெறாத பாஞ்சாலங்குறிச்சிக்கு அரண்மனையும் இல்லை, அவைப்புலவரும் இலர். பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்ட அதன் பெயரைக் காத்தவர்கள் பெயர் தெரியாத நாட்டுப்புறப் பாடகர்கள். கும்மியாகவும் கூத்தாகவும் கதைப்பாடலாகவும் அவர்கள் அதனை ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். பின்னாளில் பேராசிரியர் நா. வானமாமலை போன்றோர் அக்கதைப்பாடலைத் தேடித் தொகுத்துப் பதிப்பித்தனர். ம.பொ. சிவஞானம் அவர் வரலாற்றை நூலாக எழுதினார்.

கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்ட இடத்தில், வழிச்செல்வோர் ஆளுக்கொரு கல்லாக இட்டுச் சென்றனர். நாளடைவில் அது கற்குவியலாக உயர்ந்ததைக் கால்டுவெல் தம் திருநெல்வேலி வரலாற்றில் குறித்துள்ளார். ஆணையிட்டு எழுப்பப்பட்டதன்று அந்நினைவுச் சின்னம்; அதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. 1974ஆம் ஆண்டில் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டையை எழுப்பியது. 1999ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், அவர் மறைந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்தபோது, இந்திய அரசு அஞ்சல்தலை வெளியிட்டது. ஆமணக்கு விதைத்த மண்ணில் மீண்டும் மதில் எழுந்தது. பாளையம் திரும்பவில்லை, பெயர் திரும்பியது.